நாக்கு மாஸ்டரும் அதிமதுர டீயும்

பேக்கரியில் அவருக்குப் பெயரே நாக்கு மாஸ்டர்தான். தராசு, அளவுக் கரண்டி எதையும் மனிதர் சீண்ட மாட்டார். சுண்டுவிரலால் க்ரீமைத் தொட்டு நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், "இன்னும் ஒரு பிடி சர்க்கரை" என்பார். அதற்கு மேல் அப்பீலே கிடையாது. திமிர்தான். ஆனால் அந்தத் திமிர் செல்லுபடியாகும்படி கேக் போட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

மைதாத் தூசி தொண்டையில் இறங்கி அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மனைவி அதிமதுர வேரைத் தட்டிப் போட்டு டீ கொதிக்க வைத்து, தினமும் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை மருந்துக்கும் கிடையாது, வேரே தித்திக்கும். மாஸ்டர் நாள் முழுக்க அதை உறிஞ்சிக்கொண்டே வேலை பார்த்தார். இருமல் போயிற்று. கூடவே நாக்கும் போயிற்று.

க்ரீமை நாக்கில் வைத்தால் வெண்ணெய் தெரிகிறது, தித்திப்பு தெரியவில்லை. ஒரு பிடி சர்க்கரை போட்டார். போதவில்லை, இன்னொரு பிடி. கேக் வாங்கிப் போனவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"நாளைக்குப் பெரிய ஆர்டர். இதையும் சொதப்பினீங்கன்னா நான் வேற மாஸ்டரைத்தான் பார்க்கணும்" என்றார் முதலாளி.

நாக்கை விட்டால் மாஸ்டரிடம் வேறு என்ன இருக்கிறது? வயசாகிவிட்டது, நாக்கு செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை பதற்றத்தில் ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டு வந்தார். மனைவியே அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வந்தவள் கல்லாவில் இருந்த அக்காவுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு ஜாடியிலிருந்து மிளகு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

"அண்ணி, இந்த டீக்கு இது என்னமா சேருது!"

அடுத்து, தித்திப்பு தாங்கவில்லை என்று திரும்பி வந்த கேக்கில் ஒரு துண்டு. முகம் சப்பென்று ஆகிவிட்டது.

"என்ன மாஸ்டர், இதுல சர்க்கரையே போடலையா?"

மாஸ்டர் துள்ளி எழுந்தார். "உன் நாக்கும் செத்துப்போச்சா? அப்பாடா!"

அக்கா முறைத்தாள். மாஸ்டர் அதைக் கவனித்தால்தானே! ஓடிப்போய் வெந்நீரில் வாயைக் கொப்பளித்தார், கொஞ்ச நேரம் பொறுத்து அதே கேக்கைக் கடித்தார். தித்திப்பு மண்டைக்கு ஏறியது. ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

"டீயோட இனிப்பு கேக்கை அமுக்கிடுது! உப்பு, காரம், புளிப்புதான் இதுக்குச் சரியான ஜோடி. இனிப்பு ஆகவே ஆகாது!"

அன்றைய ஆர்டரைப் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து முடித்தார். முதலாளி ருசி பார்த்தார், இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம் பார்த்து மனைவி கேட்டாள்.

"ஏங்க, இத்தனை நாளா நாக்கு செத்துப்போச்சுன்னுதானே நினைச்சுட்டு இருந்தீங்க? அப்போ வீட்டுல தினமும் என் சமையலைப் பிரமாதம், பிரமாதம்னீங்களே, அது எதை வெச்சுச் சொன்னீங்க?"

மாஸ்டர் நாலு மிளகு பிஸ்கட்டை மொத்தமாக வாயில் அடைத்துக்கொண்டு, இப்போது பேச முடியாது என்று கையைக் காட்டினார்.