ஹன்ஸ் என்று நாங்கள் அழைத்த எலும்புக்கூடு

சக்கரம் பூட்டிய கம்பத்தில் தொங்கிய எலும்புக்கூட்டை ஆசிரியர் தள்ளிவரும்போது, விரலெலும்புகள் ஒன்றோடொன்று உரசி, காய்ந்த முருங்கைக்காயை உலுக்குவதுபோல் சத்தமெழும். தொண்ணூறுகளின் நடுவில், ஃப்ரிபூர்க்கில் ஜெர்மன் மொழியில் நடந்த எங்கள் வகுப்பில் அதற்கு "ஹன்ஸ்" என்று பெயர்.

முழங்கால் கதவுப் "பிணைச்சல்" போல ஒரு பக்கமே மடங்கும், இடுப்பு மூட்டோ கிண்ணத்துக்குள் சுழலும் பந்து என்று விளக்கிவந்த ஆசிரியர், ஒருநாள் கணுக்காலுக்கு வந்தார். கீழ்க்காலெலும்பின் முன்விளிம்பில் வழவழப்பாக இருந்த சிறு தேய்மானத்தைக் காட்டி, குந்தியிருந்து பழகியவர்களுக்கே இது உண்டாகும், இது இந்தியாவில் வாங்கிய உண்மையான மனிதக் கூடு என்றார். பிறகு வகுப்பின் ஒரே தமிழ்ப் பிள்ளையான என்னைக் குந்திக் காட்டச் சொன்னார். குதிக்கால் நிலத்தில் பதிய நான் இருந்தேன். என்னைப் பார்த்துச் செய்த மற்றவர்கள் பின்பக்கம் விழுந்து சிரித்தார்கள். தாங்கள் விழுந்ததற்குத்தான் சிரித்திருக்க வேண்டும். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

வீட்டில் அழுதுகொண்டு இதைச் சொன்னபோது, என் அழுகை அம்மாவின் காதில் ஏறவில்லை. உண்மையான மனிதர் என்பது மட்டும் ஏறியது. "செத்தவீட்டால வந்த மாதிரித்தான், முதல் தோய்ஞ்சுபோட்டு வா" என்று குளியலறைக்கு அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று, "ஆம்பிளையோ பொம்பிளையோ?" என்று கேட்டார்.

"ஹன்ஸ்" என்றேன்.

"அது அவை வைச்ச பேர். ஆரோ பெத்த பிள்ளையெல்லே, எரிக்கவுமில்லை, ஒரு பிடி சோறு படைக்கவுமில்லை. ஆம்பிளையெண்டால் ஆடி அமாவாசை, பொம்பிளையெண்டால் சித்திரைப் பறுவம். கேட்டுக்கொண்டு வா."

இறந்த தகப்பனுக்கு ஆடி அமாவாசையிலும் தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமியிலும் நாங்கள் விரதமிருப்போம். நான் கேட்க மாட்டேன் என்றேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை முடித்து நேரே வந்தார். என் புள்ளிகளைப் பற்றி ஆசிரியர் சொன்னதற்கெல்லாம் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு, மூலையில் நின்ற ஹன்ஸைக் காட்டி, "பிட்டே, மன்? ஃப்ராவ்?" என்று, ஆணா பெண்ணா எனத் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார். மற்றப் பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அம்மாவிடமிருந்து ஓரடி தள்ளி நின்றேன். சிரித்தபடி எழுந்துபோன ஆசிரியர், இடுப்பெலும்பின் முன்வளைவுக்குக் கீழே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து வைத்தார். வளைவு விரல்களைவிட அகலமாக இருந்தது. அவருடைய காதுகள் சிவந்தன. "ஃப்ராவ்" என்றார், மெதுவாக.

"அப்ப பறுவம்" என்றார் அம்மா என்னிடம், பேருந்து நேரம் தெரிந்துகொண்டவர்போல. அந்தச் சித்திரையில் தன் தாய்க்குப் படைத்த தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டும் வைத்தார்.

அம்மா இப்போது இல்லை. சென்ற ஆண்டு செய்தி சேகரிக்க அதே பள்ளிக்குப் போனேன். மூலையில் பிளாஸ்டிக் கூடு நின்றது. கணுக்காலில் தேய்மானமேதும் இல்லை. பழையவளை எங்கே கொண்டுபோனார்கள், எரித்தார்களா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட நான், புதுக் கட்டடத்தின் சூடேற்றும் வசதியைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன்.