காலை பதினொன்றுக்கே முடிந்த சாயங்கால நடை

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பதுதான் முப்பது வருடமாக அவள் பார்த்த வேலை. புரட்டாவிட்டால் முதுகில் புண் வரும். அதனால் புரட்டம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்த வியாழக்கிழமை அவளுக்கே குடலிறக்க ஆபரேஷன்; இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில். வீட்டில் இருப்பது அவளும் ஒரு கிழட்டு நாயும். தட்டு வைத்தால்தான் எழுந்து வருவான் என்பதால் அவன் பெயர் மாப்பிள்ளை. பின்னங்கால் இரண்டும் தள்ளாட்டம். ஈரத்தில் கிடந்தால் அவனுக்கும் புண்தான். ஆகவே இடம் பார்த்துத்தான் விடவேண்டும்.

நாய்களைத் தங்க வைக்கும் விடுதிகள் அந்த ஊரில் இரண்டு. பெரிய விடுதியின் விளம்பரத்தில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முன்பு முதியோர் இல்லத்தில் அவளை வேலை வாங்கிய மேடம்! புரட்டம்மாவின் அக்கா கடைசியாகக் கிடந்ததும் அதே இல்லத்தில்தான். அக்காவின் உயிர் போனது விடியற்காலை மூன்று மணிக்கு. கட்டிலில் தொங்கிய அட்டையிலோ நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் ‘புரட்டியாச்சு’ என்று டிக் போட்டிருந்தது. அதை வாய்விட்டுச் சொன்னதற்கு அவள் வேலை போயிற்று. அட்டையும் காணாமல் போயிற்று. ஒன்பது வருடமாக அவள் அதை மறக்கவில்லை, மறக்கப் பார்க்கவும் இல்லை.

பெரிய விடுதிக்குத்தான் முதலில் போனாள். மாப்பிள்ளையை அங்கே விடுவதற்கு அல்ல.

விடுமுறைக் காலம். முன்னறையில் நாயும் கையுமாக ஐந்தாறு பேர்.

“அட, புரட்டம்மாவா! பழசையெல்லாம் மனசுல வச்சுக்காம வந்தீங்களே.”

“மனசுல வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறேன் மேடம்? இடத்தைக் காட்டுங்க.”

உள்ளே பினாயில் வாடை தூக்கலாக இருந்தது. எதையோ மறைக்கத்தான் அவ்வளவு ஊற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளைச் சடை நாய் ஒன்று கிடந்த கூண்டில் விரிப்புக்கு அடியில் கையை விட்டாள், சொதசொத என்றிருந்தது. கூண்டில் தொங்கிய அட்டையைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள்.

“வெள்ளைச் சடை நாய் யாரோடது?” காது மந்தமான கிழவர்களிடம் பேசும் அதே குரல்.

அங்கே விட்டிருந்த தன் நாயைப் பார்க்க வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். “என்னோடதுங்க.”

“இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க நாய் நடந்துட்டு வந்தாச்சாம். ராத்திரி விரிப்பும் மாத்தியாச்சாம். இப்ப மணி பதினொன்னு பத்து.”

மேடத்தின் முகம் செத்துப்போயிற்று. “பேருக்கேத்த மாதிரி புரட்டு பேசாதீங்க! வேலைக்காரங்க கை தவறிப் போட்டிருப்பாங்க.”

“நான் புரட்டினது ஆளுங்களை. அட்டையில புரட்டு பண்றது நீங்க. எங்க அக்கா செத்து ஒரு மணி நேரம் கழிச்சு அவளைப் புரட்டினீங்களே, அந்தப் பழக்கம் இன்னும் விடலையா?”

அந்தப் பெண் விறுவிறுவென்று உள்ளே போனாள். வயிறெல்லாம் ஈரமான நாயைத் தூக்கிக்கொண்டு, மற்ற அட்டைகளையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். வரிசை கலைந்தது. கடைசி நாய் வாசலைத் தாண்டும்வரை புரட்டம்மா நின்று பார்த்தாள்.

“இதுதான் என் பொழைப்பு, அக்கா” என்றாள் மேடம். முன்பெல்லாம் அவள் வாயில் அக்கா என்று வந்ததே இல்லை.

“எங்க அக்காவும் ராத்திரியெல்லாம் கெஞ்சினா, ஒரே ஒரு தடவை திருப்பிப் படுக்க வைங்கன்னு. பகல்ல நான் வேலைக்கு வந்ததும் என்கிட்ட சொல்லிச் சொல்லி அழுவா.”

சின்ன விடுதியை நடத்தியவள் ஈரக்கையோடு வந்து கதவிலேயே மறித்தாள். “நாய்ங்க சாப்பிடுது, பத்து நிமிஷம் வெளிய நில்லுங்கம்மா.” அங்கே அட்டையில் மத்தியானக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. ஒரு நாய்க்கு முந்தின நாள் நடைக்கான கட்டத்தில், ‘வரமாட்டேன்னு உக்காந்துட்டான்’ என்று எழுதியிருந்தது. புரட்டம்மா அதை நம்பினாள். மாப்பிள்ளையின் விரிப்பை அவளே தொட்டுப் பார்த்து, வியாழக்கிழமை காலை அங்கேயே விட்டாள்.

ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் வந்து, “மனசை லேசா வச்சுக்கோங்கம்மா” என்றாள்.

“லேசாத்தான் இருக்கு. நீ வீட்டுக்குப் போறப்ப அந்தப் பெரிய நாய் விடுதிப் பக்கம் ஒரு எட்டு போய், பூட்டியிருக்கா திறந்திருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லும்மா.”