என்னைத் தேடி வரும் கொசு

மரக்காணத்தில் மழைக்காலம் வந்தால் உப்பளம் முழுக்கத் தண்ணீர், ஊர் முழுக்கக் கொசு. ஆனால் அது தேடி வந்து கடிப்பது என்னை மட்டும்தான். அதில் எங்கள் வீட்டாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் என் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி நடக்கும். "இவ பக்கத்துல ஒக்காந்தா கொசுவத்தியே தேவையில்ல" என்பார் என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

ஏழு மாதக் கர்ப்பத்தில் கடி இரண்டு மடங்கானது. கை கால் எல்லாம் தடித்துப்போய் மாமியாரிடம் காட்டினேன்.

"ஒனக்கு ரத்தம் இனிப்பு. அதுக்கு நாங்க என்னா பண்றது? நாங்கல்லாம் புள்ள பெக்கலியா?" என்றார்.

இனிப்பாம்! ருசி பார்த்துவிட்டா கொசு ஆளைத் தேடி வருகிறது?

அப்புறம் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவே தெரியவில்லை. துடிப்பு இருக்கிறது, பயப்படாதே என்றார்கள். எனக்குப் பயம் போகவில்லை.

ட்ரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் என் கைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"மாசமா இருக்கிறவங்க மூச்சு ஜாஸ்தியா வுடுவாங்க, ஒடம்பும் சூடா இருக்கும். அத வச்சிதான் கொசு தேடி வரும். பகல்லயும் கடிக்கும். வீட்ல வலை இல்லியா?"

"இருக்குதுங்க சிஸ்டர். ஒண்ணு."

"யாரு கட்டிக்கிறது?"

"நான் விடிகாலைல உப்பளத்துக்கு வேலைக்குப் போறவன், தூக்கம் கெட்டுடும்னு..."

"மழைக்கு அளம் மூடி எத்தினி நாளாவுது?"

"ரெண்டு மாசம்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டு மாதமாக வேலையில்லாமல் பகலிலும் அந்த வலைக்குள் படுத்துத் தூங்கியவர் அவர். கீழே பாயில் சொறிந்துகொண்டு கிடந்தவள் நான். வலையை இந்தப் பக்கம் மாற்றிக் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மறுநாள் மத்தியானம் பிள்ளை உதைத்தது. சொன்னதும் வீட்டுக்காரர் ஓடி வந்து வயிற்றில் கை வைக்கப் பார்த்தார். தட்டிவிட்டேன்.

"மொதல்ல வீட்டுக்குப் போயி அந்த வலைய அவுத்து எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.