அலையை விட்டுவிட்டு மழையைக் கணிக்கிறார்கள்

கடந்த ஜனவரியில் தஞ்சாவூர் போனது பெரிய கோயிலுக்காக அல்ல. டெல்டாவின் வருங்கால மழை பற்றி அங்கே இரண்டு நாள் கருத்தரங்கு. தோழி கயல்விழி பேச வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன்.

கயல்விழி கடல் அலைகளை ஆராய்கிறவள். அலைகள் கடலின் மேல்தண்ணீரைக் கலக்கி வெயிலின் சூட்டைக் கீழே இறக்குகின்றன. அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகின்றன. காலநிலையைக் கணிக்கும் பல கணினி மாதிரிகளில் இந்தக் கலக்கல் சரியாக இடம்பெறுவதில்லை. கடல்மேல் சூட்டின் கணக்கு தப்பினால் மழைக் கணக்கும் தப்பும். இதைச் சொல்ல வந்தவளின் பேச்சை ஒருங்கிணைப்பாளர் முதல் நாள் காலையிலேயே நீக்கிவிட்டார்.

"அலையெல்லாம் சின்ன விஷயம்மா. அதையும் சேர்த்தா கம்ப்யூட்டர் ஓடி முடிக்க ரொம்ப நாளாகும்."

எனக்கு வந்த கோபத்தில் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. அவளுடைய ஊரான கீழ்வேளூருக்கு பஸ் ஏறினோம். சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். திருவாரூர் தாண்டியதும் இருபுறமும் சம்பா சாய்ந்து கிடந்தது. அறுப்புக்கு நின்ற பயிரில் மழை அடித்திருந்தது. அவள் அண்ணன் முருகேசனின் வயலில் தண்ணீரில் கிடந்த கதிர்கள் முளைவிட்டிருந்தன.

"உன் அலையைச் சேத்திருந்தா இந்த மழை முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. இது ஒரு மழை. நான் சொல்றது இருபது முப்பது வருஷத்துக் கணக்கு."

"அப்பறம் எதுக்கு இவ்வளவு கோவம்?"

"ஒண்ணை விட்டுட்டோம்னு தெரிஞ்சே, இனி உங்க ஊர்ல இவ்வளவுதான் பெய்யும்னு அடிச்சுச் சொல்றாங்க. அதை நம்பித்தானே வடிகால் வெட்டுவாங்க."

அண்ணன் முளைவிட்ட கதிர் ஒன்றைத் தண்ணீரிலிருந்து எடுத்து உதறினார். "அதை அங்க போய்ச் சொல்லு. எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?"

மறுநாள் தஞ்சாவூர் திரும்பினோம். நிறைவு அமர்வில், யாரும் அழைக்காமலே கயல்விழி எழுந்து அதையே சொன்னாள். முன்வரிசையில் இருந்த வடிகால் பொறியாளர் ஒருவர் திரும்பி, "அப்ப இந்தக் கணக்கு எவ்வளவு தப்பலாம்?" என்று மேடையைக் கேட்டார். நேரமாகிவிட்டது என்று பதில் வந்தது. தேநீர் கொடுத்தார்கள்.

கீழ்வேளூர் பக்கம் போகிறவர்கள் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். மழைக்குப் பிறகு என்றால் வயலில் இறங்க மாற்றுச் செருப்பு அவசியம்.

போன வாரம் கருத்தரங்கின் அறிக்கை வெளியானது. அலைகளைச் சேர்க்கவில்லை என்று ஒரு வரியாவது போடும்படி கயல்விழி கேட்டிருந்தாள், மறுத்துவிட்டார்கள். அப்படியானால் பங்கேற்றவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். அதை மட்டும் அன்றைக்கே செய்து கொடுத்தார்கள்.