தோண்டி எடுத்த ஆறு

எதிர்வீட்டு வாசலில் கொட்டியிருந்த ஆற்றுமணலில் தண்ணீர் தெளித்ததும் எழுந்த ஈரவாசனை, என்னை மாதனூர்ப் பாலாற்றுக்குக் கொண்டுபோய்விட்டது. ஆற்றங்கரையில்தான் மனிதர்கள் முதலில் ஊர் கட்டினார்கள் என்று பள்ளியில் படித்தபோதும் எனக்கு ஆறு என்றால் தோண்டுவதுதான். விடிந்ததும் அம்மா மணலைக் கையால் பறித்து, கலங்கலை இறைத்துவிட்டு, ஊற்று தெளியும்வரை பக்கத்து ஊற்று மேரி அத்தையோடு ஊர்க்கதை பேசி, பிறகு கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவாள். இன்று அங்கே தோண்ட மணலே இல்லை.

சின்ன வயதில் அம்மாவோடு திருச்சிக்குப் போய் முதன்முதலாகக் காவிரியைப் பார்த்ததும் பதறிப்போனேன்.

"இன்னாம்மா, தண்ணியெல்லாம் மேல வந்துடுச்சு!"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் நான் தாகம் என்றதும், ஓடுகிற காவிரிக்கு முதுகைக் காட்டிக் கரைமணலில் குந்தி, கையால் தோண்ட ஆரம்பித்தாள்.

"இருடி, தெளியட்டும்."