இரண்டு கடிதங்கள்

இலங்கை மலைநாட்டில், அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அங்கே வேறு பெண் கிடையாது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, அப்படியே அடித்துக் கொடுப்பதுதான் வேலை. ஒருமுறை ஒரு சொல்லை மாற்றிவிட்டேன். யோசிப்பது தன் வேலை என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் சீமைக்குப் போன பிறகு கொழும்பிலிருந்து ஒரு சிங்களத் துரை வந்தார். வயது குறைவு. விஷயத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, மிச்சத்தை நீங்களே எழுதிக் கொண்டுவாருங்கள் என்பார். முதல் வாரம் ஒவ்வொரு கடிதத்தையும் கிழித்துக் கிழித்து எழுதினேன்.

அந்த மழைக்காலத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண் மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். மாதக்கணக்கில் வேலைக்கு வராததால் பெயரைப் பதிவிலிருந்து வெட்டி, அவள் குடியிருந்த லயத்துக் காம்பராவைக் காலி செய்யச் சொல்லி எழுதும்படி துரை சொன்னார். எழுதினேன். அடித்து முடித்துப் படித்தபோது, அதிலிருந்த ஒவ்வொரு சொல்லும் என்னுடையதாக இருந்தது. இன்னொரு தாளைச் செருகினேன். அவளால் மலை ஏற முடியாது, பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து, மலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முடியும், அங்கே ஆள் போதவில்லை என்று எழுதி, இரண்டையும் மேசையில் வைத்தேன்.

இரண்டாவதை யார் எழுதச் சொன்னது என்று கேட்டார் துரை. யாரும் சொல்லவில்லை, முதலாவதை எழுதியபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை என்றேன். இரண்டையும் மறுபடி படித்துவிட்டு இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார்.

பெரிய கிளாக்கருக்கு அது பிடிக்கவில்லை. "நாளைக்கு எல்லாரும் ஒன் சன்னல்லதான் வந்து நிப்பாங்க, பாத்துக்க" என்றார்.

நின்றார்கள். சில காரியங்கள் நடந்தன. பல நடக்கவில்லை. பழைய துரையின் மறுப்புகளை அடித்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன். இப்போதோ, ‘முடியாது’ என்ற பதிலையும் நானே யோசித்து எழுத வேண்டியிருந்தது.

இறம்பொடைப் பக்கம் இருந்த மகளையும் மருமகனையும் இங்கே வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார் ஒரு பெரியவர். துரை மறுத்துவிட்டார். இங்கிலீஷில் நான் எழுதிய பதிலைச் சன்னல் வழியாக அவரிடம் கொடுத்து, அதைத் தமிழில் சொன்னேன்.

"இது தொர சொன்னதாம்மா, நீங்க எழுதுனதா?"

முடிவு துரையுடையது, எழுதியது நான் என்றேன்.

அவர் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "கொஞ்சம் மனசு நோகாமத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கி நடந்தார்.