அப்பா கத்தும்போது மழை நின்றது

கடலில் கிடக்கும் புயல் நகரவே மாட்டேன் என்கிறது. இங்கே மலைமேல் சின்னக்கானலில் விடாத மழை. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு ஊறிக்கொண்டே இருக்கிறது. “இதெல்லாம் ஒரு மழையா?” என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது ஜன்னல் வழியே மேட்டை எட்டிப் பார்க்கிறேன். ஜீப் கொட்டகைத் தகரத்தில் மழை அறைகிறது.

சின்ன வயதில் தேயிலை எஸ்டேட் லயத்தில் கேட்ட அதே சத்தம். வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் உப்புக் கேட்கவும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி நாற்றமும் மூக்கை அடைக்கும். அப்படி ஒரு சாயங்காலம் சரிவிலிருந்து செம்மண் தண்ணீர் வாசலுக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று அம்மா கெஞ்சினாள். அப்பாவோ லயத்திலேயே பெரிய தைரியசாலி என்று பேர் வாங்கியவர். கடைசியில் அம்மாவுக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்துக் கத்தினார். அந்த நேரம் பார்த்துச் சட்டென்று மழை நின்றது.

“எனக்கும் கைகால் நடுங்குதுடி! மொதல்ல நாம போனா சிரிப்பானுங்கடி!”

லயம் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “நீங்க கெளம்புவீங்கன்னுதான்ணே மூட்டையக் கட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம்!” என்றாள். எல்லாக் கதவும் திறந்தன. மறுநாள் வந்து பார்த்தால் எங்கள் அடுக்களைக்குள் இடுப்பளவு மண்.

அப்பாவின் வீறாப்பு எனக்கு அப்படியே வந்திருக்கிறது. அதைத் தாங்கும் உடம்புதான் வரவில்லை. மனைவியிடம் போய், “எனக்குப் பயமா இருக்கு. கீழ ஒங்கக்கா வீட்டுக்குப் போயிருவமா?” என்றேன்.

“நல்லவேளை,” என்றாள். “நீங்க வரலைன்னா விட்டுட்டுப் போறதுன்னு நானும் பிள்ளைகளும் பேசி வச்சிருந்தோம்.”